அப்பாவுக்கு யூரோலொஜிஸ்ட் பார்க்க வேண்டும்: திருகோணமலையில் இருந்துகொண்டு யாரிடம் காட்டுவது, என்ன ஆயத்தத்தோடு போவது?

உப்புவெளி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சுகரும் பிரஷரும் இருக்கிறது, இரண்டுக்கும் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்தான் மருந்து. ஒரு வருடமாகச் சலம் போவதில் கரைச்சல். இரவில் நாலைந்து தரம் எழும்புகிறார். போனாலும் நெடுநேரம் நிற்க வேண்டும், மெல்லிசாக விட்டு விட்டுத்தான் வரும், வந்து படுத்த கையோடு திரும்பவும் எழும்புவார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர், மேலே ஏறினால் அவசரத்துக்கு எங்கே போவது என்று அதையும் விட்டுவிட்டார். அதுதான் எனக்குக் கூடக் கவலை.

போன மாதம் காய்ச்சலும் சலக்கடுப்பும் வந்து டவுனில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். அன்டிபயோடிக் தந்தார், அன்றைக்கே இரத்தமும் எடுக்கச் சொன்னார். பி.எஸ்.ஏ. என்ற புரொஸ்டேட் இரத்தப் பரிசோதனை 6.8 என்று வந்தது. 4க்கு மேல் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கனடாவில் இருக்கிற அண்ணா அதைப் பார்த்துவிட்டு, இது கான்சராக இருக்கும், உடனே கொழும்புக்குக் கொண்டுபோ என்று ஒவ்வொரு இரவும் கோல் எடுக்கிறார். மாமா யாழ்ப்பாணம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கண்டி என்கிறார்.

குளிசைகள்: லோசார்ட்டன், மெட்ஃபோர்மின், இரவில் ஆஸ்பிரின். மூக்கு அடைக்கிறது, தும்மல் என்று அடிக்கடி பிரிட்டன் (Piriton) என்ற தடிமன் குளிசையும் போடுவார்.

நல்ல யூரோலொஜிஸ்ட் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? முதல் தரம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்? அப்பா என் முன்னால் இந்தக் கதையை எடுக்கவே கூச்சப்படுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்று ஓய்வுபெற்ற தாதி:

பிள்ளை, நான் சேர்ஜிகல் வார்டுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் அந்த 6.8. சலத்தில் கிருமி இருக்கும்போது, அதுவும் காய்ச்சலோடு இருக்கும்போது, பி.எஸ்.ஏ. கூடித்தான் காட்டும். சலப்பைக்குக் கீழே இருக்கிற புரொஸ்டேட் சுரப்பி வீங்கினால் கூடும், சலக்குழாய் போட்டாலும் கூடும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் காய்ச்சலும் கடுப்பும் இருந்த அன்றைக்கே இரத்தம் எடுத்திருக்கிறார்கள். அந்த இலக்கத்தை வைத்து இப்போது எதுவும் முடிவு செய்ய முடியாது. கிருமி முழுதாக மாறி ஆறு கிழமை கழிந்த பிறகு திரும்ப எடுப்பதுதான் வழக்கம். எடுப்பதற்கு முந்திய இரண்டு நாளும் நீண்ட தூரம் சைக்கிள் ஓட வேண்டாம், தாம்பத்தியமும் வேண்டாம் என்று அப்பாவிடம் யாராவது சொல்லுங்கள். இரண்டும் பி.எஸ்.ஏ.யைக் கொஞ்சம் ஏற்றும். திரும்ப எடுத்தும் கூடுதலாகவே இருந்தால் அடுத்தது என்ன, எம்.ஆர்.ஐ. ஸ்கானா, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கிற பயொப்சியா என்பதை டொக்டர் சொல்வார். அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அண்ணா பயப்படுகிற அளவுக்கு அந்தத் தாளில் எதுவும் இல்லை என்று மட்டும் அவருக்குச் சொல்லுங்கள், பாவம், தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் பயம் கூட.

இரண்டாவது, பிரிட்டன். அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நித்திரை வர வைக்கிற அந்தப் பழைய ரகத் தடிமன் குளிசைகள் சலப்பையைச் சுருங்க விடாது. மூக்கடைப்புக்குக் கடையில் தருகிற கலவைக் குளிசைகளில் இருக்கிற சூடோஎஃபெட்ரின் போன்ற மருந்து, சலம் வெளியேறுகிற வாயை இறுக்கும். புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் தடிமனுக்கு நாலு குளிசை போட்டுவிட்டு, விடியப்புறம் சலம் அடியோடு அடைத்து வயிறு கல்லாகி வந்ததை வார்டில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். எதற்கும் கலங்காத பெரிய ஆண்களும் அந்த வேதனையில் அழுவார்கள். தும்மலுக்கு வேறு மருந்து இருக்கிறது, கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள். ஆனால் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதை எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா வேண்டாமா என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

சரி, யாரிடம் போவது. கொழும்பா, கண்டியா, யாழ்ப்பாணமா என்று எல்லோரும் ஊர்ப் பெயர் சொல்கிறார்கள். நான் கேட்பது வேறு: இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்குச் சலம் அடைத்தால் நீங்கள் எங்கே ஓடுவீர்கள்? நம் பெரியாஸ்பத்திரிக்குத்தான். அங்கே அவருடைய கொப்பி இருக்க வேண்டும், அவருடைய கதை தெரிந்த ஒரு யூனிட் இருக்க வேண்டும். புரொஸ்டேட் ஒரு தரம் காட்டிவிட்டு முடிகிற வருத்தம் இல்லை. குளிசை தொடங்கினால் சில கிழமையில் திரும்பப் பார்க்க வேண்டும், புரொஸ்டேட்டைச் சுருக்குகிற ஃபினாஸ்டெரைட் மாதிரி ஒன்று தந்தால் அதன் பலன் தெரியவே ஆறு மாதம் ஆகும், பி.எஸ்.ஏ.யைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆபரேஷன் என்றால் முன்னும் பின்னும் போய் வர வேண்டும். 260 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய பெயரை விட, அப்பா திரும்பத் திரும்பப் போகக்கூடிய டொக்டர்தான் உங்களுக்கு நல்ல டொக்டர். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆகவே இங்கேயே தொடங்குங்கள். அப்பா சுகர் கிளினிக்குக்குப் போகிற நாளிலேயே அந்த டொக்டரிடம் விசயத்தைச் சொல்லி, சேர்ஜிகல் கிளினிக்குக்கோ யூரோலொஜி கிளினிக்குக்கோ ஒரு கடிதம் வாங்குங்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்த நிபுணர் இருக்கிறார் என்பது இடமாற்றத்தோடு மாறுகிற விசயம், அதனால் பழைய ஆட்களின் சொல்லை நம்பாமல் கவுன்டரில் நேரே கேளுங்கள். இங்கே முடியாததற்கு அவர்களே மட்டக்களப்புக்கோ அனுராதபுரத்துக்கோ கண்டிக்கோ கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

தனியாரில் சனல் செய்வதானால், அதாவது காசு கட்டி நேரம் பதிந்து காட்டுவதானால், பட்டியலில் யூரோலொஜிஸ்ட் என்றும் இருக்கும், ஜெனிட்டோ யூரினரி சேர்ஜன் என்றும் இருக்கும், இரண்டும் ஒரே ஆள்தான், இரண்டிலும் தேடுங்கள். நெஃப்ரோலொஜிஸ்ட் வேறு. அவர் சிறுநீரகம் பழுதாகிறதைப் பார்க்கிறவர், பதவியா, மெதவாச்சிப் பக்கம் விவசாயிகளுக்கு வருகிற சிறுநீரக வருத்தம் போன்றவற்றுக்கு. தமிழில் இரண்டு பேரையும் சிறுநீரக நிபுணர் என்றே சொல்லிவிடுவதால், காசு கட்டி, நாள் முழுக்கக் காத்திருந்து, கடைசியில் தவறான கதவைத் தட்டினவர்கள் இருக்கிறார்கள். டொக்டரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளப் பதிவேட்டில் பார்க்கலாம். இங்கே யூரோலொஜிஸ்ட் ஆகிறவர்கள் சத்திரசிகிச்சையில் எம்.டி. முடித்து, பிறகு இந்தத் துறையில் தனியாகப் பயிற்சி எடுத்து வருகிறவர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கிளினிக் வைத்திருப்பவரா என்று கேளுங்கள். சனலில் பார்த்த அதே டொக்டர், ஆபரேஷன் தேவை என்றால் தன் வார்டுக்குக் கடிதம் தருவது இங்கே வழக்கம். செலவு எவ்வளவோ குறையும்.

நல்லவரா என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும். அப்பா சொல்வதைக் கேட்கிறாரா, வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாரா, பின்வழியால் விரல் வைத்துப் புரொஸ்டேட்டைப் பார்க்கிறாரா, குளிசையில் பார்ப்பதற்கும் ஆபரேஷனுக்கும் உள்ள நன்மை தீமையைச் சொல்கிறாரா. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு முதல் நாளே ஆபரேஷனுக்குத் திகதி தருகிறவர் என்றால், இன்னொருவரிடமும் ஒரு தரம் கேளுங்கள்.

இனி ஆயத்தம். எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது ஒரு கொப்பித் தாள். வீட்டில் இருக்கிற பழைய அளவுக் கோப்பை ஒன்றை அப்பாவுக்கென்று ஒதுக்கிக் கழிவறையில் வையுங்கள். மூன்று நாள், பகலும் இரவும், போகிற ஒவ்வொரு தரமும் நேரமும் அளவும் எழுத வேண்டும். குடிக்கிற தேத்தண்ணீர், தண்ணீர், சூப் எல்லாம் அடுத்த நிரலில். இப்படி:

இரவு 9.30, 150 மில்லி, படுக்கப் போனது
11.40, 180
1.15, 150, அவசரம்
3.00, 170
4.50, 200
காலை 6.10, 160, எழும்பியது

இதைப் பார்த்தால் டொக்டருக்கு நிறையப் புரியும். படுத்த பிறகு போனதையும் எழும்பி முதல் தரம் போனதையும் கூட்டுங்கள், 860 வருகிறது. நாள் முழுவதும் 1,500 என்றால் பாதிக்கு மேல் இரவில் போகிறது. இந்த வயதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போனாலே, குற்றம் முழுவதும் புரொஸ்டேட்டில் இல்லை என்று அர்த்தம். கால் வீக்கம், கட்டுப்படாத சுகர், குறட்டையோடு வருகிற மூச்சடைப்பு, பின்னேரம் குடிக்கிற நீர்க்குளிசை, ஏதாவது இருக்கும். அளவு ஒவ்வொரு தரமும் ஐம்பது, அறுபது என்றுதான் வருகிறது என்றால் கதை வேறு. இந்தத் தாள் இல்லாமல் போனால் டொக்டர் கேட்பார், அப்பா சும்மா நாலைந்து தரம் என்பார், அவ்வளவுதான்.

தண்ணீரை நிறுத்தியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது கூடாது. சலம் கட்டியாகி எரியும், கிருமி பிடிக்கும், கல் வரும். பகலில் வழக்கம் போல் குடித்து, படுக்கப் போவதற்கு இரண்டு, மூன்று மணித்தியாலம் முன்னர் குறைத்தால் போதும். இரவுத் தேத்தண்ணீரை விடச் சொல்லுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, எல்லாக் குளிசைகளும் அதனதன் உறையோடு, பழைய ரிப்போர்ட்கள் திகதி வாரியாக. சலத்தின் முழு ரிப்போர்ட், கல்ச்சர், கிரியாட்டினின், பி.எஸ்.ஏ., வயிற்று ஸ்கான், இவற்றில் இருப்பதை எடுத்துப் போங்கள். இல்லாததை டொக்டர் எழுதித் தருவார், நீங்களாகக் காசைக் கொட்ட வேண்டாம். ஸ்கானுக்குப் போகும்போது சலப்பை நிறைந்திருக்க வேண்டும், சலம் போன பிறகு சலப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று திரும்பவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அந்த இலக்கம் முக்கியம். டொக்டரிடம் போகிற அன்றைக்கும் சற்று முன்னர் சலம் கழித்துவிட்டு உள்ளே போக வேண்டாம், சலம் போகிற வேகத்தை மெசினில் பார்க்கச் சொன்னால் அப்போது வராது. ஆனால் தாங்க முடியாத அளவுக்கு அடக்கவும் வேண்டாம்.

ஒரு சொட்டும் போகாமல் அடைத்தால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், கட்டி கட்டியாக இரத்தம் போனால், கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. வலியே இல்லாமல் ஒரே ஒரு தரம் சலத்தில் இரத்தம் போய் நின்றாலும் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். புகைப்பவர் என்றால் இன்னும் கட்டாயம்.

கிண்ணியாக்காரன்:

தாதி அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல அவ்வளவு இல்லை. எங்கட வாப்பாவுக்கு டி.யூ.ஆர்.பி., அதாவது சலவழியால் கருவி விட்டுப் புரொஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கிற ஆபரேஷன், செய்தது, இப்போது அல்ஹம்துலில்லாஹ் இரவில் ஒரு தரம்தான் எழும்புகிறார். எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

வெளியூருக்குத்தான் போக வேண்டி வந்தால் பயணத்தை யோசியுங்கள். இந்த வருத்தத்தோடு பஸ்ஸில் போவது பெரிய வேதனை. வாப்பா ஹபரணை வரும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார், சாரதியிடம் கேட்க வெட்கம். கொழும்புக்கு என்றால் இரவு ரயில் நல்லது, பெட்டிக்குள்ளேயே கழிவறை இருக்கிறது. கண்டிக்கு நாலு குடும்பமாகச் சேர்ந்து வேன் பிடித்தோம், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கும்.

அடுத்தது பாஷை. எங்களைப் பார்த்த டொக்டர் நல்ல மனிசன், ஆனால் தமிழ் தெரியாது. எங்களுக்குச் சிங்களம் கடைக்குப் போகிற அளவுதான். முதல் தனியார் இடத்தில் மொழிபெயர்க்க யாருமில்லாமல், வாப்பா தலையாட்டியதை வைத்தே எழுதி அனுப்பிவிட்டார்கள். வாப்பாவுக்கு ஆஸ்துமா இருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மகளின் ரியூஷன் டீச்சரிடம் கொடுத்து, ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதுவித்தோம்: வயது, இருக்கிற வருத்தங்கள், குளிசைகளும் அளவும், முன்னர் செய்த ஆபரேஷன், ஒத்துவராத மருந்து, எப்போது தொடங்கியது, எது கூடக் கரைச்சல். கண்டி டொக்டர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு அப்படியே ஃபைலில் குத்தி வைத்தார். அந்த ஒரு தாள் வாப்பாவின் வாயாக இருந்தது.

ஆபரேஷன் பேச்சு வந்தால் இதைக் கேளுங்கள்: குழாய் எத்தனை நாள் இருக்கும், வீட்டுக்குப் போன பிறகு இரத்தம் போனால் எந்த அளவுக்கு மேல் பயப்பட வேண்டும், விந்து வெளியே வராமல் சலப்பைக்குள் போகுமாமே, அது உண்மையா. கடைசியைக் கேட்க வாப்பாவுக்கு நாணம், நான்தான் கேட்டேன். அனேகமானவர்களுக்கு அப்படித்தான் ஆகும், உடம்புக்குக் கேடில்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். முன்னமே தெரிந்திருந்தபடியால் பிறகு மனக்குழப்பம் இல்லை.

உப்புவெளி மகள்:

நன்றி அன்ரி, நன்றி அண்ணா. கனடா அண்ணாவுக்குக் கோல் எடுத்து அந்த ஆறு கிழமைக் கதையை வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் அமைதியாகிவிட்டார். பிரிட்டன் போத்தலை எடுத்து ஒளித்துவிட்டேன். ஆனால் விரல் வைத்துப் பார்ப்பார்கள் என்ற பகுதியை அம்மா மெதுவாகச் சொன்னதும், நான் எங்கும் வரவில்லை என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். என்ன செய்வது?

திருக்கடலூர் கிழவன்:

மகள், எனக்கு 71. இதை உங்கள் அப்பாவுக்குக் காட்டுங்கள், அவருக்குத்தான் எழுதுகிறேன்.

தம்பி, எனக்கும் அதே பயம்தான் இருந்தது. கடலில் எத்தனை வருடம் நின்றவன், ஒரு டொக்டரின் விரலுக்குப் பயந்தேன் என்றால் பாருங்கள். நடந்தது இவ்வளவுதான். திரையை இழுத்து மூடினார்கள். மகனை வெளியே நிற்கச் சொன்னார்கள். இடப்பக்கம் சரிந்து படுத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொள்ளச் சொன்னார் டொக்டர். கையுறை, வழுக்குகிற ஜெல். வாயைத் திறந்து மூச்சை விடுங்கோ ஐயா என்றார். சலம் வருகிற மாதிரி ஒரு முட்டல், நோ இல்லை. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, துடைக்கக் கடதாசி தந்தார், எழும்பி உடுப்பைப் போட்டேன். அதற்குள் அவர் அளவு எவ்வளவு, மிருதுவாக இருக்கிறதா, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டார். பி.எஸ்.ஏ. சரியாக இருந்தும் விரலில் கட்டி தட்டுப்பட்டுப் பிடிபட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இரண்டையும் பார்க்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் உங்களுக்கு இருக்கிறது, பலவந்தமாக ஒருவரும் செய்ய மாட்டார்கள். ஆனால் கிளினிக்குக்குப் போகாமல் இருக்காதீர்கள். எனக்கு டம்சுலோசின் தந்தார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முதல் நாட்களில் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும், கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்புங்கள். கண்ணில் புரை எடுக்கப் போகிறதாக இருந்தால் இந்தக் குளிசையைப் பற்றிக் கண் டொக்டரிடமும் சொல்ல வேண்டும். நான் இப்போது கோயிலுக்கு ஏறுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள், சேர்ந்து போவோம்.

பாலையூற்று ஓய்வுபெற்ற தாதி:

ஐயா எழுதியதற்கு மேல் யாரும் எழுத முடியாது. பிள்ளை, அப்பாவோடு உள்ளே ஆண் துணை ஒருவர் போகட்டும், மாமா போனால் நல்லது. நீங்கள் வெளியே இருங்கள். மகள் முன்னால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதோடு, அப்பாவே தன் கையெழுத்தில் மூன்று வரி எழுதி டொக்டரிடம் நீட்டட்டும்: எது கூடக் கரைச்சல், எதற்குக் கூடப் பயம், என்ன கேட்க வேண்டும். வாயால் வராதது எழுத்தில் வரும்.

உப்புவெளி மகள்:

அப்பா வாசித்தார். இரண்டு தரம். பிறகு, அந்தக் கோப்பை எங்கே என்று அம்மாவிடம் கேட்டார், இன்றிரவு தொடங்குகிறோம். சுகர் கிளினிக் வருகிற செவ்வாய். அன்ரி, கடைசியாக ஒன்று: பி.எஸ்.ஏ. திரும்ப எடுக்கிற அன்றைக்குச் சாப்பிடாமல் போக வேண்டுமா? சுகர்காரர் என்பதால் கேட்கிறேன்.

பாலையூற்று ஓய்வுபெற்ற தாதி:

பி.எஸ்.ஏ.க்குப் பட்டினி தேவையில்லை. சாப்பிட்டு, காலைக் குளிசையும் போட்டுவிட்டு வரலாம். அதே இரத்தத்தில் ஃபாஸ்டிங் சுகரும் பார்க்கப் போகிறார்கள் என்றால் மட்டும் வெறும் வயிறு, அப்போது சாப்பாட்டைக் கட்டிக் கையில் கொண்டுபோங்கள், ஊசி குத்தி எடுத்த உடனே சாப்பிடட்டும். முடிந்தால் திரும்பவும் அதே லாபிலேயே எடுங்கள், இடத்துக்கு இடம் இலக்கம் கொஞ்சம் மாறும். செவ்வாய் கடிதம் வாங்கியதும் இங்கே எழுதுங்கள்.